தலைமாதாவின் இரண்டு கட்டைவிரல்கள்

விழாக் குழுவின் தலைவரும், நம் விளக்குச் சந்தின் மீன்கடைக்கு மன்னரும், பேசுகிறவர் அளவு மீறினால் ஒலிபெருக்கியின் கம்பியைத் தம் கையாலேயே பிடுங்கிப்போடும் பேராற்றல் படைத்தவருமான தோன் அனியெல்லோ அவர்களே! தலைமாதா ஓவியம் திரும்பி வந்த மகிழ்ச்சியில் மணியடித்து மணியடித்துத் தோள் இறங்கிப்போய் அமர்ந்திருக்கும் எங்கள் பங்குச்சாமி அவர்களே! சிற்றாலயத்தின் சாவியை நாற்பது ஆண்டுகளாகக் கழுத்தில் தொங்கவிட்டு, அந்தச் சாமிக்கே நேரம் சொல்லித் திறந்துவிடும் தோன்னா ரஃபிலுச்சா அவர்களே! நாற்காலி கொண்டுவந்து போட்ட நல்லவர்களே, போட்டதில் முதல் வரிசையைத் தாங்களே பிடித்துக்கொண்ட வல்லவர்களே! பால்கனிகளில் காய்கிற துணியை இரண்டு கையாலும் விலக்கி என்னைப் பார்க்கும் தாய்மார்களே! பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இவள் எப்போது முடிப்பாள் என்று காத்திருக்கும் இளஞ்சிங்கங்களே! உங்கள் அனைவருக்கும் மூன்றாம் மாடி ஒர்னெல்லாவின் முதல் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையிலிருக்கும் இந்த ஏழு தாள்களை நேற்று நள்ளிரவுக்கு மேல்தான் எழுதினேன். அந்நேரத்தில் எழுதியதை நல்ல பகலில் நாலு பேர் முன்னால் வாசிப்பது மரியாதை ஆகாது. என்ன செய்வது? என் மகள் நோயெமிக்கு மூன்று வயது. அவள் தூங்கும்வரை என்னால் பேனா பிடிக்க முடியாது. தூங்கிய பிறகு, மூச்சு வருகிறதா என்று பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு வரி எழுதுவேன், எழுந்துபோய் அவள் மூக்குக்குக் கீழே விரல் வைப்பேன். இன்னொரு வரி எழுதுவேன், சமையல் வாயுவை மூடினேனா என்று பார்க்கப் போவேன். இந்த உரையில் எங்காவது பொருள் அறுந்து தொங்கினால், அந்த இடத்தில் நான் அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறேன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசைக்கு வினிகர் வாடை வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

என்னை ஏன் இந்த மேடையில் ஏற்றினார்கள்? பாடத் தெரியுமா? தெரியாது. நன்கொடை கொடுத்தேனா? அதை நினைவுபடுத்தாதீர்கள். படித்தவள் என்பதால் ஏற்றினார்கள்! நேப்பிள்ஸ் நகரத்தின் கல்லூரியில் ஐந்தாண்டு ஓவிய வரலாறு படித்துக் கரை கண்டவள். கண்ட கரை எது? ஒரு தொலைபேசி நிறுவனத்தின் மூலை மேசை. எட்டு மணி நேரம் அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்கி, "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்வது என் தொழில். ஐந்தாண்டுப் படிப்பில் எனக்கு இன்று உதவுவது அந்த ஒரு வரிதான். தோன் அனியெல்லோ, உங்கள் பொறுமைக்கு நன்றி.

ஆனாலும் அவையோரே, இந்தச் சந்தில் நம் தலைமாதாவைப் பற்றி ஆய்வேடு எழுதியவள் நான் ஒருத்திதான். நூற்றுப்பன்னிரண்டு பக்கம்! அப்போது ஓவியம் எப்படி இருந்தது? கரி. முந்நூற்றைம்பது ஆண்டு மெழுகுவர்த்திப் புகை குடித்துக் குடித்து, அடுப்பில் மறந்த சட்டியின் அடிப்பாகம் போல் இருந்தது. அந்தக் கரிக்குள் ஒரு பெண்ணின் முகம், குனிந்த முகம். அவள் மடியில் ஒரு குழந்தையின் தலை. அந்தத் தலைக்கு மேலே அவளுடைய இரண்டு கைகள், ஒன்றையொன்று தொடும் இரண்டு கட்டைவிரல்கள். வேறொன்றும் தெரியாது. வரைந்தவன் யார் என்றும் தெரியாது.

அவளுக்குத் தலைமாதா என்று பெயர் வைத்தது யார்? நாம்தான். குழந்தைக்குத் தலையில் சூடு என்றால் அவளிடம் ஓடினோம். படியில் உருண்டு மண்டை வீங்கினால் ஓடினோம். கணக்கில் முட்டை வாங்கினால், அதுவும் தலைக்குள் நடக்கிற காரியம்தானே என்று ஓடினோம். நேர்ச்சையாக வெள்ளியில் சின்னச் சின்னத் தலை செய்து சட்டத்தைச் சுற்றி ஆணியடித்தோம். இடப்பக்கம் கீழிருந்து நாலாவது தலை என்னுடையது. பட்டம் வாங்க வேண்டும் என்று என் அம்மா அடித்தது. அதற்கு மூக்கு இல்லை. மலிவாகச் செய்தார்களாம்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? அந்த இரண்டு கட்டைவிரல்கள் தொடும் இடத்தைப் பற்றி மட்டும் பத்தொன்பது பக்கம் எழுதினேன்! "விண்ணின் கருணையும் மண்ணின் வேதனையும் விரல் நுனியில் சந்திக்கும் வெளிச்ச வாசல்" என்று எழுதினேன். பேராசிரியர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். முழு மதிப்பெண்! அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். இந்தச் சந்தே எனக்காக வறுத்த பீட்சா வாங்கித் தின்றது. பணம் என் அப்பா கொடுத்தார்.

சென்ற குளிர்காலத்தில் சிற்றாலயச் சுவரில் நீர் இறங்கியது. ஓவியத்தைத் துறைமுகப் பக்கத்துப் பட்டறைக்குத் துடைக்க அனுப்பினோம். துடைத்தவர் லவினியா என்ற பெண்மணி. ஒன்பது மாதம், ஒரு பஞ்சு நுனியால், நகத்தளவு நகத்தளவாகத் துடைத்தார். இரண்டு மாதங்களுக்கு முன் எனக்குத் தொலைபேசி வந்தது.

"ஒர்னெல்லா, நீங்கதான இந்தப் படத்தப் பத்தி எழுதுனவங்க? ஒரு தடவ வந்து பாருங்க. வந்து, உக்காந்து பாருங்க."

போனேன். உட்காரவில்லை. படித்தவள் உட்கார மாட்டாள் அல்லவா?

ஆகா! கரி போன இடத்தில் என்ன முளைத்திருந்தது? தேவதூதர்களா? பொன் மேகங்களா? இருபத்துமூன்று பிச்சைக்காரர்கள்! ஊன்றுகோலை அக்குளில் வைத்து, நல்ல காலை மடித்துத் துணிக்குள் கட்டி மறைத்திருக்கும் ஒரு நொண்டி. ஃபிடில் வாசிக்கும் குருடர் ஒருவர், தொப்பியில் விழுந்த காசை ஒற்றைக் கண் திறந்து எண்ணுகிறார். முலாம்பழம் தின்று ஒருவன்மேல் ஒருவன் விதை துப்பும் பையன்கள். மாவு வறுக்கும் கிழவி, அவள் பாவாடையில் காலைத் தூக்கப்போகும் நாய். மேலே கயிற்றில் கிழிந்த சட்டைகள். பின்னால் உடைந்த படிக்கட்டு, பக்கத்தில் கதவே ஜன்னலான ஒற்றை அறை வீடு. எங்கேயோ பார்த்தது போலிருக்கிறதே என்று யோசித்தேன். காலையில் வேலைக்குப் போகும்போது பார்த்ததுதான்!

லவினியா என் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். "விரலுக்கு நடுவுல பாருங்க."

பார்த்தேன். இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கருப்புப் புள்ளி.

"செபமால மணியா இருக்குமோ?" என்றேன். என் பத்தொன்பது பக்கத்தையும் அந்தக் கேள்வியில் காப்பாற்றப் பார்த்தேன்.

"இந்த மணிக்கு ஆறு காலு இருக்குங்க" என்றார் லவினியா.

அப்போது உட்கார்ந்தேன்.

ஆமாம் அவையோரே! அது பேன்! விண்ணும் மண்ணும் சந்திக்கும் என் வெளிச்ச வாசலில் ஒரு பேன் நசுங்கிக்கொண்டிருந்தது! முந்நூற்றைம்பது ஆண்டுகளாக நாம் முழங்காலிட்டது ஒரு பிச்சைக்காரிக்கு முன்னால். அவள் செய்துகொண்டிருந்தது பேன் பார்க்கும் வேலை. பின் வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தேன். அடுத்த நாள், கழிவறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு.

லவினியா இன்னொன்றும் காட்டினார். "கீழ பாருங்க. இந்தப் பொம்பள வெறுங்காலு. பாதம் பூரா வெடிப்பு. ஆனா புள்ளைக்கு மட்டும் வெள்ளிக் கொக்கி வெச்ச ஷூ. எனக்கு இது புரியவே இல்ல. உங்களுக்குப் புரியுதா?"

"யோசிச்சு சொல்றேன்" என்றேன். படித்தவர்கள் தெரியாது என்பதை அப்படித்தான் சொல்வோம்.

சென்ற வாரம் ஓவியம் வந்து இறங்கியது. விழாக் குழு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தது. தோன்னா ரஃபிலுச்சா மார்பில் கைவைத்து, "நாப்பது வருஷமா ஒரு பேன் பாக்கறவளுக்கா மெழுகுவத்தி ஏத்துனேன்? ஏன்டா சாமி, நீயாவது சொல்லப்படாதா?" என்று பங்குச்சாமியின் சட்டையைப் பிடித்தார். தோன் அனியெல்லோ அந்தப் பொய் நொண்டியின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு, "இந்த மூக்கு யார் மூக்கு?" என்று கேட்டார். அப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டால் யார் என்ன சொல்வது?

கோபம் வேண்டாம் தலைவரே! கம்பியிலிருந்து கையை எடுங்கள்.

அன்று இவர் என்னைத் தனியே அழைத்தார். இதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஏம்மா ஒர்னெல்லா, நீ படிச்ச பொண்ணு. விழா அன்னைக்கு மேடையில ஏறி, அது செபமால மணின்னு ஒரு வார்த்த சொல்லிடு. மைக்ல சொன்னா அது உண்மையாயிடும்."

"ஆறு கால் இருக்கே, தோன் அனியெல்லோ."

"காலப் பத்தி ஏன் பேசுற? ஒசத்தியாப் பேசு. உனக்கு வரும்."

வரும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். இந்த ஏழு தாள்களுக்கு முன் எழுதிய மூன்று தாள்கள் அந்த மணியைப் பற்றித்தான் இருந்தன. நன்றாகவே வந்திருந்தது! நாலாம் தாளில் பேனா நின்றது. ஏன் நின்றது? இதே ஒசத்தியான பேச்சை, இதே ஒசத்தியான வாயால், பத்து நாளைக்கு முன் இன்னோரிடத்தில் பேசியிருந்தேன். அதை உங்களில் பாதிப்பேர் கேட்டீர்கள், கைதட்டினீர்கள்.

நினைவிருக்கிறதா? வியாழக்கிழமை. பங்குக் கூடத்தில் நம் பாலர் பள்ளியின் தாய்மார் கூட்டம். பதினான்கு குழந்தைகள், அவர்களில் சிலர் தலையில் பேன். செயலாளர் நான்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலையில், நோயெமிக்குப் பின்னல் போடும்போது கண்டேன். ஒன்றில்லை, இரண்டில்லை, ஒரு குடும்பமே குடியிருந்தது. நான் என்ன செய்தேன்? ஆசிரியையிடம் சொன்னேனா? ஜன்னல்களைச் சாத்தினேன். கதவைத் தாழிட்டேன். வினிகர் பாட்டிலைக் கவிழ்த்தேன். என் மகளைப் பேன் பிடித்தது என்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நடுங்கினேன். வியர்வை வழிகிற வெயிலில் அவளுக்குக் கம்பளித் தொப்பி போட்டு, காதுவரை இழுத்துவிட்டுப் பள்ளிக்கு அனுப்பினேன். "ஏம்மா தொப்பி?" என்று கேட்டாள். "ஃபேஷன்" என்றேன். மகளே, உன் பெயரை இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். பெரியவளாகி என்னோடு சண்டைக்கு வா, வாங்கிக்கொள்கிறேன்.

கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. யாருடையது என்று சொல்ல மாட்டேன். "தரைவீட்டுல ஈரம். அங்க சுவரெல்லாம் ஊறிக் கெடக்கு. ஊர்றதெல்லாம் அங்கேருந்துதான் வரும்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் கொன்சீலியா நின்றாள். என் பால்கனிக்கு நேர் கீழே, அந்த ஒற்றை அறைத் தரைவீட்டில் இருப்பவள். நாலு கட்டடங்களின் மாடிப்படிகளைக் கழுவுபவள். பக்கத்தில் அவள் மகன் கதெல்லோ, நாலு வயது, எந்நேரமும் கழற்றாத அந்த நீலக் கால்பந்துத் தொப்பியோடு.

அப்போது நான் எழுந்தேன். எழுந்திருக்க வேண்டிய நேரம்தான். "என் வீட்டிலிருந்து வந்தது" என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன்?

"யாரையும் பெயர் சொல்லிக் குறைகூற நான் விரும்பவில்லை. ஆயினும், வாழ்விடச் சூழலையும் நாம் கருத்தில் கொள்வது நலம்."

அடடா, என்ன வாக்கியம்! முன்னும் பின்னும் வழுவழுப்பு, நடுவில் கத்தி! கைதட்டினீர்களே! மறு அறிவிப்பு வரும்வரை கதெல்லோ வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதைக் குறிப்பேட்டில் எழுதியது யார்? என் அழகான கையெழுத்து.

கொன்சீலியா என்னை ஒரு முறை பார்த்தாள். கோபம் என்று நினைத்தேன். "சரி. வாடா" என்று பையன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் எனக்கு யார் என்று உங்களுக்குத் தெரியும். நான் எட்டு மாதக் கர்ப்பமாய் மூச்சு வாங்கியபோது, மூன்று மாடி ஏறி என் காய்கறியைக் கொண்டுவந்து வைத்தவள். உப்பு இல்லையென்றால் கயிற்றில் கூடையை இறக்குவேன், உப்பு வரும். நோயெமிக்கு இருமல் என்றால் இறக்குவேன், எலுமிச்சையும் திட்டும் சேர்ந்து வரும். "நீ ராத்திரி பூரா முழிச்சிருந்தா அவளுக்கு இருமல் நிக்குமாடி? போய்ப் படு!" அந்த வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் கூடையை மேலே இழுத்து, அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து கதெல்லோ ஈரப் படியில் உட்கார்ந்திருக்கிறான். அம்மா கழுவக் கழுவ, காய்ந்த படிக்கு நகர்ந்து நகர்ந்து உட்காருகிறான். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வேலைக்கு வராதே என்று இரண்டு கட்டடக்காரர்கள் அவளை நிறுத்திவிட்டார்கள். நாலில் இரண்டு போயிற்று. என் ஒரு வாக்கியத்தின் விலை அது.

பொறுங்கள், தோன்னா ரஃபிலுச்சா, முடிக்கப் போவதில்லை. இனிமேல்தான் விஷயமே.

சென்ற சனிக்கிழமை பகலில், துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நோயெமி இல்லை! கட்டிலுக்கு அடியில் இல்லை. துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் கையைவிட்டுத் துழாவினேன், இல்லை. கதவு திறந்திருந்தது. மூன்று நிமிடத்தில் அவளை மூன்று தடவை கடத்தவும் இரண்டு தடவை மோட்டார் சைக்கிளில் அடிக்கவும் விட்டுவிட்டேன், மனதுக்குள். அலறிக்கொண்டு பால்கனிக்கு ஓடி, கீழே பார்த்தேன்.

கொன்சீலியா தன் வாசலில் குட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என் மகள் அவள் முழங்கால்களுக்கு நடுவில், மடியில் தலை சாய்த்திருந்தாள். குனிந்த முகம். கூந்தலுக்கு மேலே இரண்டு கைகள். ஒன்றையொன்று தொடும் இரண்டு கட்டைவிரல்கள்.

மூன்று மாடியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஒரு காலில் செருப்பு இல்லை.

"என்னடி பண்ற?" என்றேன்.

"பாத்தா தெரியல? படிச்சவதான நீ?" தலை நிமிரவில்லை. "வினிகர் போட்டா ஈரு சாவாது. கையாலதான் எடுக்கணும். இந்தப் பக்கம் திரும்புடி தங்கம். போன ஞாயித்துக்கிழமையே பாத்தேன். பவனியில சாமி வர்றத எட்டிப் பாக்க இவ என் தோள்ல ஏறுனாளே, அப்பவே. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். வியாழக்கிழமை நீ பேசுனப்பதான் தெரிஞ்சது, உனக்குத் தெரியும்னு."

அந்தப் பார்வை! கூட்டத்தில் என்னைப் பார்த்தாளே, அது கோபமில்லை. அவளுக்கு முன்பே தெரியும். தன் மகனை வெளியே அனுப்பும்போது அவளுக்குத் தெரியும்!

"அப்போ நீ ஏன் கூட்டத்துல சொல்லல?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். "பச்சப்புள்ள பேர அத்தன பேருக்கு முன்னாடி சொல்லுவாங்களாடி?"

அந்த வாசற்படியில் கதெல்லோ உட்கார்ந்து முலாம்பழம் தின்றுகொண்டிருந்தான். புழுக்கமாக இருந்தது போலும், தன் நீலத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டான். அவையோரே, தாய்மார்களே, பெரியோர்களே! அவன் தலையில் ஒரு முடி இல்லை! கோடை தொடங்கியபோது வழித்த மொட்டை, வாரம் தவறாமல் அவன் மாமா வழித்துவிடும் மொட்டை, வெயிலில் வெண்கலப் பாத்திரம் போல் மின்னும் மொட்டை! பதினான்கு பிள்ளைகளில் பேன் ஏறவே முடியாத ஒரே தலையைத் தேடிப் பிடித்து, பேனுக்காக வெளியே அனுப்பியிருக்கிறோம். ஒருவராவது அந்தத் தொப்பியைத் தூக்கிப் பார்த்தோமா? தூக்கியிருந்தால் கூட்டம் அரை நிமிடத்தில் முடிந்திருக்குமே! தூக்கவில்லை. தரைவீடு என்பது நமக்குப் போதுமானதாக இருந்தது.

நான் அங்கே என்ன சொன்னேன்? காலில் விழுந்தேனா? கட்டிப்பிடித்து அழுதேனா? சொன்னால் வெட்கக்கேடு. "நோயெமி, ஷூவ ஈரத்துல வெக்காத" என்றேன். புது ஷூ. வெள்ளிக் கொக்கி வைத்தது. சொன்ன பிறகுதான் கொன்சீலியாவின் காலைப் பார்த்தேன். வெறுங்கால். படி கழுவிக் கழுவி, பாதம் பூரா வெடிப்பு.

லவினியா, நீங்கள் இங்கே இருந்தால் கேளுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேனே, இப்போது சொல்கிறேன். அந்தக் குழந்தை அவளுடையது இல்லை. மேல்மாடிக் குழந்தை. அதன் தாய் எங்கே என்று ஓவியம் முழுக்கத் தேடினேன், இருபத்துமூன்று பேரில் அவள் இல்லை. அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் நின்று, கூட்டத்தில் எப்படி ஒசத்தியாகப் பேசுவது என்று ஒத்திகை பார்க்கிறாள்!

எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை. நேற்று அந்த மணியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது தலை அரித்தது. சொறிந்தேன். மறுபடி அரித்தது. கண்ணாடி முன்னால் போய்ச் சீப்பை வைத்து வாரினேன்… ஆமாம். வினிகர் வாடை என் தலையிலிருந்துதான் வருகிறது. ஓவியப் புலமைக்கு முழு மதிப்பெண் பெற்ற இந்தத் தலையில்தான் பேன்! முதல் வரிசை நாற்காலியைப் பின்னுக்கு இழுப்பது இங்கிருந்தே கேட்கிறது. இழுங்கள், நியாயம்தான். கதெல்லோவுக்கு இந்த இரண்டடிகூடத் தரவில்லையே, நேராகத் தெருவில் அல்லவா நிறுத்தினோம்?

அந்த மூன்று தாள்களையும் கிழித்துவிட்டேன் தலைவரே. அது மணி இல்லை. ஆறு கால், நான் எண்ணிப் பார்த்தேன். அதன்மேல் ரோஜா இதழ் வரையச் சொல்லலாம் என்று குழுவில் யாரோ பேசினீர்களாம். வேண்டாம்! அதை மறைத்தால் அவள் கை என்ன வேலை செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? அந்த மூக்கும் அப்படியே இருக்கட்டும், உங்களுக்கும் அழகு, அவருக்கும் அழகு.

என்ன கேட்டீர்கள், தோன்னா ரஃபிலுச்சா? மெழுகுவர்த்தியா?

ஏற்றுங்கள்! முன்பைவிடப் பெரிதாக ஏற்றுங்கள்! நாற்பது ஆண்டும் வீண்போகவில்லை. பிள்ளைகளின் தலையை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம், அவளும் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்! யார் பிள்ளை என்று கேட்டாளா? எந்த மாடி என்று கேட்டாளா? என்ன ஷூ என்று பார்த்தாளா? தன் காலடியில் ஊரே பிச்சையெடுத்துக்கொண்டிருக்க, அடுத்தவள் பிள்ளையின் தலையில் அரிப்பு நிற்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறாளே, இவளுக்கு முன்னால் முழங்காலிட என்ன வெட்கம்? வெட்கப்பட வேண்டியவள் நான். இதைப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் சாமியின் காதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான் தவறு செய்தது கூட்டத்தில். அதனால் கூட்டத்தில் சொல்கிறேன்.

ஓவியத்தை மூடிய துணியை இழுங்கள், தோன்னா ரஃபிலுச்சா! எல்லோரும் பார்க்கட்டும். மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். அந்த வெறுங்காலைப் பாருங்கள். பிறகு அந்த ஷூவைப் பாருங்கள்.

இது பாலர் பள்ளியின் குறிப்பேடு. அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் கதெல்லோவைப் பற்றிய வரியை அடித்துவிட்டேன். கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: "பேன் செயலாளரின் வீட்டிலிருந்து வந்தது. தெரிந்தே மறைத்தவள் செயலாளர்." குழந்தை பெயர் எழுதவில்லை. மேடையில் அவள் பெயரைச் சொன்னது காற்றோடு போகும், தாய்தானே சொன்னாள் என்று மறந்தும் போவார்கள். தாளில் இருப்பது நிற்கும். பச்சைப்பிள்ளை பெயரைக் காப்பதைக் கொன்சீலியாவிடம் கற்றுக்கொண்டேன். வியாழனன்று கைதட்டியவர்கள் இறங்கி வந்து இதன்கீழ் கையெழுத்துப் போடுங்கள். செயலாளர் பதவியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பேனாவும் தருகிறேன். அவளை நிறுத்திய இரண்டு கட்டடக்காரர்களும் இங்கேதான் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டு மணியை நாளை நான் அடிப்பேன், திறங்கள்.

ஓவியத்தைத் துடைத்த லவினியாவுக்கும், மேடை தந்த குழுவுக்கும், கம்பியைத் தொட்டும் பிடுங்காமல் விட்ட தலைவருக்கும், பந்தை அடிக்காமல் காத்திருந்த பிள்ளைகளுக்கும் என் நன்றி. சந்து முழுவதற்கும், மேல்மாடிக்கும் தரைவீட்டுக்கும், என் வணக்கம்.

இன்னும் ஒரே ஒருத்தியிடம் பேச வேண்டும். அவள் இந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் ஒலிபெருக்கியை அவள் கதவுக்கு நேர் மேலேதான் கட்டியிருக்கிறார்கள். கதவின் மேல்பாதி திறந்திருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

கொன்சீலியா, நாளைக்கு எட்டு மணிக்கு நர்சரி தெறக்குது. ஏழே முக்காலுக்கு நானும் நோயெமியும் உன் வாசல்ல வந்து நிக்கிறோம், நீ சரின்னு சொன்னா. கதெல்லோவ எங்ககூட அனுப்புவியா? கூடைய எறக்கி வெச்சிருக்கேன். உள்ள தாளும் பென்சிலும் இருக்கு. சரின்னாலும் எழுது, முடியாதுன்னாலும் எழுது, திட்டணும்னா பின்பக்கமும் எழுது. ஆனா சீக்கிரம் பதில் போடுடி.